மாமியாருக்கு மட்டும் அடித்த வாடை

1

இந்தக் கதை ஒரு வாய்ச்சண்டையில் பிறந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

என் தம்பிக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது நானும் அவன் மகளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பொழுது போகாமல், "அப்படி என்னதாம்மா வேலை அங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"காத்துல இருக்கற அழுக்கை உடைக்கிறோம் பெரியப்பா. பெயிண்ட், தின்னர், அச்சு மை, இதுல இருந்தெல்லாம் ஆவி கிளம்புதுல்ல? அதை அப்படியே வெளிய விட்டா ஊர் கெட்டுப்போகும். வெறும் நெருப்புல எரிக்கணும்னா எண்ணூறு டிகிரி வேணும். மாங்கனீசு ஆக்சைடு, செம்பு ஆக்சைடுன்னு சில பொடி இருக்கு. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கற செங்கல்ல அதைப் பூசி, ஆவியை அது வழியா விட்டா முந்நூறு டிகிரியே போதும். ஆவி உடைஞ்சு, வெறும் கரியமில வாயுவும் தண்ணியுமா வெளிய போயிடும்."

"அந்தப் பொடி என்ன ஆகும்?"

"அது அப்படியே இருக்கும்."

"தீராது?"

"தீராது. அதுக்குப் பேருதான் வினையூக்கி."

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வேலையும் செய்யுமாம், தீரவும் தீராதாம். செருப்பு தேய்கிறது, விளக்குமாறு தேய்கிறது, அவளுடைய அப்பன் முழங்கால் தேய்ந்துதான் உள்ளே மயக்கத்தில் கிடக்கிறான். "யாரோ உன்கிட்ட நல்லா கதை விட்டிருக்காங்க" என்றேன்.

"கதை இல்ல பெரியப்பா. அந்தப் பொடி தன் மேல இருக்கற ஆக்சிஜனை எடுத்து ஆவிக்குக் கொடுத்துடும். கொடுத்த எடத்துல ஒரு பள்ளம் விழும். காத்துல வர்ற ஆக்சிஜன் வந்து அந்தப் பள்ளத்துல உக்காந்துக்கும். பஸ்ல ஒருத்தர் எழுந்து இறங்கினா அடுத்த ஸ்டாப்ல ஏறினவர் அங்க உக்கார்றார்ல? சீட்டு அப்படியேதானே இருக்கு?"

"சீட்டும் ஒருநாள் கிழியும்."

அவள் உடனே பதில் சொல்லாமல் யோசித்தாள். படித்தவர்களிடம் இது அபூர்வம். "கிழியும்தான்" என்றாள். "ஆனா அதைவிட மோசம், குருடாயிடும். சிலிகான் இருக்குல்ல, அதோட ஆவி பட்டா அந்தச் சூட்டுல மணலா மாறி, பொடி மேல மெல்லிசா கண்ணாடி மாதிரி படிஞ்சிடும். உள்ள பொடி நல்லாத்தான் இருக்கும். ஆனா எதுவும் அதைத் தொட முடியாது."

"வெளிய இருந்து பார்த்தா தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

டாக்டர் வந்து தம்பி பிழைத்த செய்தியைச் சொன்னார். நான் தலையாட்டினேனே தவிர, என் புத்தி அங்கே இல்லை. நன்றாக இருந்துகொண்டே செத்துப்போன ஒரு பொருள், அது செத்தது யாருக்கும் தெரியாத ஒரு வீடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கதை வரும் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆலையின் புகைபோக்கிக்கு மேலே வானம்

வெட்டிவிட்டேன். தரையில் நடப்பதைச் சொல்லத் தெரியாதவன்தான் வானத்தைப் பார்ப்பான்.

அடுத்து: "வினையூக்கி என்பது யாதெனில்

இது தம்பி மகளின் வாத்தியார் பேசுகிற பேச்சு. இதுவும் போயிற்று.

மூன்றாவது: "மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்." இது நிற்கும். மேலே போகலாம்.

மாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த டீ டம்ளரை ணங்கென்று வைத்தாள். "இந்த வீட்ல டீ குடிக்கறதும் நகப்பூச்சு குடிக்கறதும் ஒண்ணு" என்றாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மருமகன், ஃபிட்டர். பிஸ்கெட் உறை, சோப்பு உறை என்று பிளாஸ்டிக் உறைகளில் படமும் எழுத்தும் அச்சடிக்கிற ஆலையில் வேலை. அவன் மனைவிக்கும் அங்கேதான், அச்சடித்த சுருள்களைக் கட்டி அடுக்குகிற பகுதியில். வீடு, ஆலையின் பின்சுவரை ஒட்டிய வரிசையில் கடைசி. அச்சு மை காயும்போது கிளம்புகிற ஆவியைத் தகரக் குழாய் வழியாக உறிஞ்சிக்கொண்டுபோய், பின்கட்டில் நிற்கிற ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் விடுவார்கள். பெட்டிக்குள் முதலில் கேஸ் அடுப்பு. அடுத்து தம்பி மகள் சொன்ன தேன்கூட்டுச் செங்கல்கள். அதற்கப்புறம் புகைபோக்கி. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது ஃபிட்டரின் பொறுப்பு.

(இதையெல்லாம் கதைக்குள் துண்டு துண்டாக ஒளித்து வைத்துச் சொல்வதுதான் நாகரிகம் என்கிறார்கள். ஒளித்து வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.)

மாமியார் வேறு ஊரில் தனியாக இருந்தவள். மாடிப்படியில் உருண்டு விழுந்த பிறகு, இனித் தனியாக விடக்கூடாது என்று சின்ன மகள், அதாவது ஃபிட்டரின் மனைவி, இங்கே கூட்டி வந்துவிட்டாள். வந்த மறுநாளே டம்ளரை ணங்கென்று வைத்தாள். மற்ற வீடுகளில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வரிசையில் ஆலைக்குப் போகாத மூக்கு அவளுடையது ஒன்றுதான்.

ஃபிட்டர் நல்ல பிள்ளை. மாமியார் சொல்லி அவன் எதையும் தட்டியதில்லை. மறுநாள் ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். ஆவி போகிற தகரக் குழாயின் மூட்டுகளில் பழைய ரப்பர் உளுத்துப்போய், காற்று கசிந்துகொண்டிருந்தது. ஹார்டுவேர் கடைக்குப் போனான். குளியலறைத் தொட்டி ஓரத்தில் அப்புவார்களே, ட்யூபில் வருகிற வெள்ளை சிலிகான் பசை, அதைக் கை நிறைய வாங்கி வந்தான். மூட்டு மூட்டாக உள்ளேயும் வெளியேயும் பிதுக்கி, எச்சில் தொட்ட கட்டைவிரலால் வழித்து, குழந்தைக்குப் பவுடர் போடுகிற பதத்தில் பூசினான். கசிவு நின்றது.

"இப்ப பரவால்ல மாப்ளே" என்றாள் மாமியார். "கைராசிக்காரர்தான் நீங்க."

ஃபிட்டர் அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே குளித்தான்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். சிலிகான் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் பகுதியிலேயே உளறி வைத்தவன் நான்தான். ஃபிட்டரிடம் யாரும் உளறவில்லை. குழாய்க்குள் சூடான ஆவி அந்தப் பசையை நக்கிக்கொண்டே போனது. பசையின் மூச்சு செங்கல்லில் போய்ப் படிந்தது. கொஞ்ச நாளில் செங்கல் குருடாயிற்று. ஆவி உடையாமல் உருமாறாமல், நுழைந்தபடியே புகைபோக்கி வழியாக வெளியேறி, சுவரைத் தாண்டி, மாமியாரின் டம்ளருக்கு மேலே வந்து உட்கார்ந்தது. முன்பு கசிந்தது ஒரு பங்கு என்றால் இப்போது வந்தது முழுப் பானை.

"திரும்ப வந்துருச்சு மாப்ளே. முன்னைவிட ஜாஸ்தி."

"அது எப்படி அத்தை வரும்? நான்தான் அடைச்சுட்டேனே."

அவன் பொய் சொல்லவில்லை. தன் கையாலேயே அடைத்தது. அடைத்ததை நம்பினான்.

3

எல்லாம் தெரிந்த உங்களுக்கு மாமியாரை நம்புவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் முட்டாள்கள் என்று நினைத்துவிடுவீர்கள். ஆகவே இந்தப் பகுதி முழுக்க அவளுக்கு எதிராக எழுதுகிறேன்.

மாமியார் ஒரு புளுகி. சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பாள். ரத்த அழுத்த மாத்திரையை வாயில் போட்டு, மகள் திரும்பியதும் துப்பி, பூந்தொட்டி மண்ணில் அமுக்கிவிடுவாள். தொட்டியைக் கிளறியபோது பாதி கரைந்த மாத்திரைகள் விதை மாதிரி கிடந்தன. "செடிக்கும் பிரஷர் இருக்கும்ல" என்றாள் கூசாமல். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், தான் இளமையில் நீச்சல் போட்டியில் கோப்பை வாங்கியதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு நீச்சலே தெரியாது.

வாடை விஷயத்திலும் பேச்சு மாறியது. ஒருநாள் தலை வெடிக்கிறது என்பாள். மறுநாள் ஒன்றுமில்லை என்பாள். காற்று திசை மாறுவதும், ஆலைக்கு விடுமுறை வருவதும் யாருக்குத் தோன்றும்?

சின்ன மகள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஃபிட்டரும் கூடப் போனான்.

"நான் மூணு வார்த்தை சொல்றேன்மா" என்றார் டாக்டர். "கொஞ்ச நேரம் கழிச்சு அதைத் திருப்பிச் சொல்லணும். மேஜை, யானை, நதி."

"எதுக்கு?"

"சும்மா, ஞாபகம் எப்படி இருக்குன்னு பார்க்கத்தான்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல? அப்புறம் எனக்கு எதுக்கு? நான் என்ன கிளிப்பிள்ளையா?"

டாக்டர் சிரித்தார். ஆனால் எழுதிக்கொண்டார். பிறகு ஃபிட்டர் பக்கம் திரும்பினார். "அந்த வாடை உங்களுக்கு வருதா?"

"இல்ல டாக்டர். நான் அங்கதான் வேலை செய்யறேன். அந்த மெஷினைப் பார்த்துக்கறதே நான்தான். வாடையே கிடையாது."

இல்லாத வாடை அடிப்பது மூளை தளர்வதன் ஆரம்பமாகவும் இருக்கலாம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். இருக்கலாம் என்றுதான் சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த "லாம்" வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. பெரிய மகளுக்குப் போன் போயிற்று. அவள் விசாரித்தாள். மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லம், சுத்தமான இடம், கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள், அது அவர்கள் நன்மைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.

மாமியாரிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "கதவை யாரு பூட்டுவாங்க?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை கேட்டதையும் மறதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் நம்பியிருப்பீர்களா?*

* "கதையில் வாடையை எப்படிக் காட்டுவீங்க பெரியப்பா?" என்று தம்பி மகள் கேட்டாள். காட்ட முடியாது. காகிதத்தில் வாடை வராது. யாராவது ஒருத்தர் அடிக்கிறது என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் நம்ப வேண்டும். வீட்டிலும் அப்படித்தான்.

4

இந்த இடத்தில் அந்தப் பொடியே பேசுவதாக ஒரு பகுதி எழுதியிருந்தேன். "நான் என்னையே எடுத்துக் கொடுத்தேன், என் மீது மணல் மூடியது" என்று ஒப்பாரி மாதிரி இரண்டு பக்கம். தம்பி மகள் படித்தாள். "மாங்கனீசு இவ்ளோ அழாது பெரியப்பா" என்றாள்.

கிழித்துவிட்டேன்.

5

சனிக்கிழமை காலை. ஃபிட்டருக்கு மதிய ஷிப்ட். கூடத்தில் மாமியாரின் பை, வாய் கட்டப்படாமல் நின்றது. மகள் சமையலறையில் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்க மாப்ளே" என்றாள் மாமியார். "உங்களுக்கு வாடை வரலையா, இல்ல வந்தும் வரலைங்கறீங்களா?"

"வரல அத்தை. சத்தியமா வரல."

"அப்ப அந்தப் பெட்டி கெட்டுப்போயிருக்கும்."

இதுமட்டும் ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. ஆளைச் சொல்லலாம், அவன் பெட்டியைச் சொல்லக்கூடாது. "அது முன்னைவிட நல்லா ஓடுது அத்தை. முன்னெல்லாம் ரெண்டு முள்ளும் ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு நிக்கும். இப்ப ரெண்டும் நேரா, இரட்டைப் பிள்ளைங்க மாதிரி நிக்குது."

"என்ன முள்ளு?"

"செங்கல்லுக்குள்ள போற காத்து எவ்ளோ சூடுன்னு ஒரு முள்ளு. செங்கல்லைத் தாண்டி வர்ற காத்து எவ்ளோ சூடுன்னு ஒரு முள்ளு. ரெண்டும் முந்நூறு. ஆடாம அசையாம நிக்குது."

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போறப்பவும் முந்நூறு, வர்றப்பவும் முந்நூறா?"

"ஆமா."

"அப்ப நடுவுல என்னதான் நடக்குது?"

"என்ன அத்தை கேக்கறீங்க?"

"இல்ல மாப்ளே, காலைல நீங்க வேலைக்குப் போறீங்க. சாயங்காலம் போன மாதிரியே, சட்டை கசங்காம, ஒரு சொட்டு வேர்வை இல்லாம வந்து நிக்கறீங்கன்னு வைங்க. என் பொண்ணு என்ன கேப்பா?"

"எவ வீட்ல இருந்துட்டு வர்றீங்கன்னு கேப்பேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மூவருமே சிரித்துவிட்டார்கள். பல நாளுக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. மாமியாருக்குப் புரையேறியது. ஃபிட்டரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். பாதியில் அவன் வாய் மட்டும் சிரித்தபடி நின்றது.

(தம்பி மகள் இங்கே ஆட்சேபம் எழுப்பினாள். "நாங்க கருவி வச்சுக் கண்டுபிடிக்கறதை உங்க மாமியார் உக்காந்த எடத்துல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" கண்டுபிடிக்கவில்லை அம்மா. அவள் மருமகனைக் குத்திக்காட்டினாள். குத்து வேறு இடத்தில் பட்டது. அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இருமிக்கொண்டிருந்தாள்.)

6

ஃபிட்டர் நேரத்துக்கு முன்னாலேயே ஆலைக்குப் போய், பெட்டியின் முன்னால் நின்றான். இரண்டு முட்களும் நேராக நின்றன.

ஆவி உடைந்தால் சூடு கிளம்பும். எரிகிற எதுவும் சூடு தரும். ஆகவே செங்கல்லைத் தாண்டி வருகிற காற்று, உள்ளே போன காற்றைவிடச் சூடாக இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது முள் எப்போதும் மேலே நின்றதற்குக் காரணம் அதுதான். இது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. பெட்டி வந்த புதிதில், கொண்டுவந்த கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் எந்த மெஷினிலும் முள் துடித்தால் கோளாறு, முள் அடங்கினால் நிம்மதி. அந்தப் பழக்கத்தில், மேலே நின்ற முள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதைப் பார்த்து, பெட்டி பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருந்தான்.

எப்போது இறங்கத் தொடங்கியது? ஏணி போட்டு ஏறிய வாரத்துக்கு அப்புறம்.

ஒரு மூட்டிலிருந்து வெள்ளைப் பசையைக் கத்தியால் சுரண்டி எடுத்தான். பட்டறைக்குக் கொண்டுபோய்த் தகரத் துண்டில் வைத்து, கேஸ் விளக்கின் சுவாலையைக் காட்டினான். ரப்பராயிருந்தால் கருகி உருகியிருக்கும். இது வெள்ளையாகப் புகைந்து, வெடித்து, வெள்ளைப் பொடியாக நின்றது. ஆறியதும் விரலில் எடுத்துத் தேய்த்தான். நறநறவென்றது. மணல்.

இத்தனை நாளும் காற்றில் கரைந்து போனது இதுதான். போய்ச் சேர்ந்த இடமும் தெரிந்தது.

அப்புறம் அவன் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த கை தானாக அங்கே போயிற்று. மை கலக்குகிற இடத்துக்கு நடந்தான். ஒரு வாளியின் மூடியைத் திறந்தான். குனிந்து, மூக்கை மைக்கு ஒரு சாண் மேலே வைத்து, நெஞ்சு நிறைய இழுத்தான்.

வெறும் காற்று.

இன்னொரு தடவை இழுத்தான். கண் எரிந்து நீர் வந்தது. வாடை வரவில்லை.

அங்கே கலவை போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "என்னண்ணே, மைக்குள்ள எதாவது விழுந்துருச்சா?"

"இதுக்கு வாடை இருக்கா?"

"இருந்துச்சு. நான் சேர்ந்த புதுசுல." அவன் கலக்குவதை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் மூக்கையும் செங்கல்லையும் பக்கத்தில் வைத்து அழகாக ஒரு பத்தி எழுதினேன். வெட்டிவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா.

சூப்பர்வைசரிடம் போனான். மனுஷன் கத்துவாரே தவிரக் கடிக்க மாட்டார். "பெட்டிக்குள்ள கல்லு செத்துப்போச்சு சார். ஆவி உடையாம வெளிய போகுது. மெஷினை நிறுத்தணும்."

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அச்சை நிறுத்தச் சொன்னார், புதுச் செங்கல்லுக்குப் போன் போட்டார், வந்துசேர வாரக்கணக்காகும் என்று தெரிந்துகொண்டு மறுபடியும் தலையில் கை வைத்தார். "நல்லாத்தானய்யா ஓடிட்டிருந்துச்சு? எதனால செத்துச்சு?"

ஃபிட்டரின் விரலிடுக்கில் அந்த மணல் இன்னும் இருந்தது.

"வயசாயிடுச்சு போல சார்" என்றான்.

7

அந்த ஒரு பொய்யால்தான் எனக்கு அவன் மீதிருந்த நம்பிக்கை போயிற்று. ஆனாலும் அவன் என் ஆள். அவனுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

அ. வாயைத் திறக்காமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் காரில் ஏறிப் போகட்டும். புதுச் செங்கல் வரும். பசையைச் சுரண்டி எறிந்துவிட்டு ஒழுங்கான மூட்டு போட்டுவிடலாம். முள் மேலே ஏறும். ஒரு மாசம் கழித்துப் போய், "அத்தை, உடம்பு தேறிட்டீங்களாம், வாங்க போகலாம்" என்று கூட்டி வந்துவிடலாம். டீ டம்ளரை ணங்கென்று வைக்க மாட்டாள். மாத்திரை நல்லா வேலை செஞ்சிருச்சு என்று மகள்கள் இருவரும் டாக்டரைப் புகழ்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

"இதுவே போதுமே" என்றாள் தம்பி மகள். "எல்லாருக்கும் நல்லதுதானே?"

எல்லாருக்குமா? அவள் திரும்பி வருவாள், சரி. என்னவாகத் திரும்பி வருவாள்? இல்லாத வாடை அடித்து, பூட்டின கதவுக்குள் இருந்து, மாத்திரையில் தெளிந்தவளாக. அதற்கப்புறம் ஒருநாள் சமையலறையில் கேஸ் கசிகிறது என்று அவள் சொன்னால் அந்த வீட்டில் யார் எழுந்துபோய்ப் பார்ப்பார்கள்? பார்க்கிற இருவருக்கும் மூக்கு கிடையாது.



ஆ. எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. மாமியார் காலடியில் உட்கார்ந்து, "அத்தை, நான்தான்

இதை எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். நேற்று சூப்பர்வைசரிடம் புளுகியவன் இன்று காலில் விழுகிறான் என்றால் என்னாலேயே நம்ப முடியவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள், கதையென்றால் அப்படித்தான் என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவீர்கள். அந்தப் பெருந்தன்மை எனக்கு வேண்டாம்.

இ. மாமியாரே காரில் ஏற மாட்டேன் என்று தெருவே பார்க்கக் கத்துவது. கத்தலாம். கத்தினால், பார்த்தீர்களா, புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அவளுக்கு அந்தப் புத்தியாவது இருக்கிறது. கத்த மாட்டாள்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஃபிட்டருக்கு வேலையைப் பற்றிய பயம் இல்லை. சூப்பர்வைசரிடம் திங்கட்கிழமை உண்மையைச் சொன்னாலும் ஒரு நாள் திட்டோடு போய்விடும். அவனை உறுத்துவது டாக்டர் அறை. வாடையே கிடையாது என்று அங்கே அடித்துச் சொன்னது அவன். அந்த ஒரு வார்த்தையில்தான் கார் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால், எனக்கு மூக்கே இல்லை, இத்தனை வருஷமாக இல்லை, அது எனக்கே தெரியாது என்று மாமியார் முன்னால், மனைவி முன்னால், மனைவியின் அக்கா முன்னால் சொல்ல வேண்டும்.

8

ஞாயிற்றுக்கிழமை.

கார் வாசலில் நிற்கிறது. பெரிய மகள் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். "சீக்கிரம்மா, வெயில் ஏறுது" என்கிறாள். சின்ன மகள் அழுது முடித்து முகம் கழுவிவிட்டு நிற்கிறாள். பை வாய் கட்டப்பட்டுத் தயாராக இருக்கிறது.

மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நேற்றே ஆலையை நிறுத்தியாயிற்று. காலையிலிருந்து அவள் மூக்கைப் பிடிக்கவில்லை. ஃபிட்டர் பையை எடுக்கக் குனிகிறான். அவன் சட்டைக் கையை அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொள்கிறாள்.

"மாப்ளே." மகள்களுக்குக் கேட்காத குரலில் பேசுகிறாள். "வாடையெல்லாம் ஒண்ணும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. எனக்குத்தான் ஏதோ ஆயிருந்துச்சு. இனிமே சொல்லவே மாட்டேன். மாத்திரையும் ஒழுங்கா போட்டுக்கறேன். நான் இங்கயே இருந்துடறேனே."

இந்தப் புளுகியின் எல்லாப் புளுகையும் நான்தான் எழுதினேன். இதை நான் எழுதவில்லை. இதை அவளாகச் சொன்னாள்.

ஃபிட்டர் நிமிர்கிறான். அவன் மனைவி பார்க்கிறாள். அவளுடைய அக்கா காரிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே பார்க்கிறாள்.

"அத்தை" என்கிறான்.

இதற்கு அடுத்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை. அவன் பேசிவிட்டான் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவீர்கள். பேசவில்லை என்று எழுதினால் நீங்கள் அவனைவிட ஒருபடி மேல் என்ற திருப்தியோடு மூடுவீர்கள். இரண்டில் எதற்கும் நான் உதவ மாட்டேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாராவது இருப்பார்கள். நீங்கள் ஒருநாள் நம்பாமல் விட்டவர்களில் ஒருவராவது இருப்பார். அவர் இருக்கிற அறைக்குப் போங்கள். மற்றவர்களும் அங்கே இருக்கட்டும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் தெரியல" என்று சொல்லுங்கள். காரணம் காட்டக்கூடாது. சிரிக்கக்கூடாது.

உங்களுக்கு வாய் வந்தால் ஃபிட்டருக்கும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மகள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போகிறாள்.

வரவில்லையென்றால், பை அங்கேயேதான் இருக்கிறது. நீங்களே தூக்கிக் காரில் வையுங்கள். நான் தொட மாட்டேன்.